இடதுசாரி அரசியல்: சிங்கப்பூர்த் தமிழர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி வாசிக்கிறோம். ஓர் ஆசிரியர், ஒரு தாதி, ஒரு பேருந்து ஓட்டுநர், ஓய்வுநாள் கிடைத்தால் வந்து உட்காரும் கட்டுமான ஊழியர்கள் இரண்டு மூன்று பேர். கடந்த ஓராண்டாக நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள், உலகில் இன்றைய இடதுசாரி அரசியல். அங்கே திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் ஆய்வாளர் இல்லை. என் தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர்; 'சங்கம்' என்ற சொல்லை அவர் வாயால் கேட்டு வளர்ந்தேன். எனக்கு இடதுசாரிகள் பக்கம் மனச்சாய்வு உண்டு. அவர்கள் செய்த தவறுகளையும் மறைக்காமல் சொல்ல முயன்றிருக்கிறேன்.

இடதுசாரி, சோசலிஸ்ட், கம்யூனிஸ்ட்: மூன்றும் ஒன்றுதானா?

ஒன்றில்லை, ஆனால் ஒரே குடும்பம். 1789 பிரெஞ்சுப் புரட்சியின்போது சபையில் மன்னரின் அதிகாரத்தைக் குறைக்கச் சொன்னவர்கள் தலைவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார்கள்; 'இடது' என்ற பெயர் அங்கிருந்து வந்தது. நிலமும் தொழிற்சாலையும் வங்கியும் சிலர் கையில் மட்டும் இருக்கக்கூடாது என்பவர் சோசலிஸ்ட். அதை மார்க்ஸ் காட்டிய வழியில், தொழிலாளர் கட்சி ஒன்றைக் கட்டி, ஆட்சியைப் பிடித்து நிறைவேற்ற வேண்டும் என்பவர் கம்யூனிஸ்ட். தனியார் முதலை வைத்துக்கொண்டே வரி, தொழிற்சங்கம், பொதுச் சேவை ஆகியவற்றால் ஏற்றத்தாழ்வைக் குறைக்கலாம் என்பது சமூக ஜனநாயகம்.

தமிழில் இதற்குச் சமதர்மம், பொதுவுடைமை என்று அழகான சொற்கள் எப்போதோ வந்துவிட்டன. இந்தியாவின் முதல் மே தினத்தை 1923இல் சென்னையில் கொண்டாடியவர் சிங்காரவேலர். 1929இல் சிங்கப்பூருக்கு வந்துபோன பெரியார், 1932இல் சோவியத் யூனியனையும் சுற்றிப் பார்த்தார். ஆக, இது எங்கிருந்தோ நம் வீட்டுக்குள் வந்த அந்நியப் பேச்சு இல்லை.

யார் எந்தப் பெயரை வைத்துக்கொண்டாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: 'மக்கள்' என்று இவர்கள் சொல்லும்போது யாரையெல்லாம் கணக்கில் சேர்க்கிறார்கள், யாரை விட்டுவிடுகிறார்கள்? கீழே வரும் பல பதில்களில் இந்தக் கேள்வி எட்டிப் பார்க்கும்.

சோவியத் யூனியன் 1991இலேயே விழுந்துவிட்டதே. இன்னும் என்ன மிச்சம்?

விழுந்தது ஓர் அரசு. வாடகை கட்ட முடியாதவரும், பன்னிரண்டு மணி நேரம் உழைத்துக் கடனோடு வீடு திரும்புபவரும் 1992லும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். 2008 நிதி நெருக்கடியில் வங்கிகளை அரசுகள் காப்பாற்றி, வீடிழந்தவர்களைத் தெருவில் விட்டபோது, பழைய கேள்விகளை ஒரு புதிய தலைமுறை கையில் எடுத்தது. ஸ்பெயினில் பொடேமோஸ் கட்சி 2014இல் பிறந்தது. கிரீசில் சிரிசா 2015 ஜனவரியில் ஆட்சிக்கு வந்தது. அந்த ஜூலையில் கடன் நிபந்தனைகளை ஏற்கலாமா என்று மக்களிடம் கேட்டது. 61 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். எட்டு நாளில் அரசு அதைவிடக் கடுமையான நிபந்தனைகளுக்குக் கையெழுத்திட ஒப்புக்கொண்டது. ஐரோப்பிய இடதுசாரிகளின் மனத்தில் அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

ஆஸ்திரியாவின் இரண்டாவது பெரிய நகரமான கிராஸில் 2021இல் எல்கே கார் என்ற கம்யூனிஸ்ட் மேயரானார். தன் சம்பளத்தில் பெரும் பகுதியை, வாடகை பாக்கி வைத்தவருக்கும் சலவை இயந்திரம் பழுதானவருக்கும் கொடுத்துவிடுவது அவர் கட்சியின் பல ஆண்டுப் பழக்கம். ஜெர்மனியில் கதை முடிந்தது என்று எல்லாரும் சொன்ன இடதுசாரிக் கட்சி 2025 பிப்ரவரித் தேர்தலில் 8.8 சதவீத வாக்கும் 64 இடங்களும் பெற்றது. வாசல் வாசலாகப் போய் வாடகையைப் பற்றிப் பேசியது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

லத்தீன் அமெரிக்கா முழுக்க இடது என்கிறார்களே?

அலைபோல வரும், போகும். மெக்சிகோவில் 2018இல் வந்த இடதுசாரி ஆட்சி, 2024இல் கிளாடியா ஷேன்பாம் தலைமையில் இன்னும் பெரிய வெற்றி பெற்றது. நாளொன்றுக்கு 88 பேசோவாக இருந்த குறைந்தபட்சக் கூலி அந்த ஆறு ஆண்டில் 249 ஆனது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வறுமைக் கோட்டைத் தாண்டினார்கள். பிரேசிலில் லூலா 2022இல் மயிரிழையில் வென்றார். சிலியில் போரிச் வேலை வாரத்தைப் படிப்படியாக 40 மணி நேரமாகக் குறைக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஆனால் அவர் முகாம் ஆதரித்த புதிய அரசமைப்பை 2022இல் மக்கள் நிராகரித்தார்கள், 2025 டிசம்பரில் வலதுசாரி வேட்பாளர் வென்றார். பொலிவியாவிலும் இருபதாண்டு ஆதிக்கம் 2025இல் முடிந்தது.

வெனிசுவேலாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எண்ணெய்ப் பணத்தை நம்பியே எல்லாவற்றையும் கட்டினார்கள். விலை சரிந்தபோது தவறை ஒப்புக்கொள்ளாமல் எதிர்ப்பவர்களை அடக்கினார்கள். எழுபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டுப் போனார்கள். அமெரிக்கத் தடைகள் நிலைமையை மோசமாக்கியது உண்மை. ஆனால் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

சீனா சோசலிச நாடுதானா?

பெயரளவில் ஆம். பத்துக் கோடி உறுப்பினர்கள் கொண்ட கம்யூனிஸ்ட் கட்சி ஆள்கிறது, நிலம் தனியார் உடைமை இல்லை, பெரிய வங்கிகள் அரசின் கையில். 1978க்குப் பிறகு கோடிக்கணக்கானோர் வறுமையிலிருந்து வெளியேறியது மனித வரலாற்றில் பெரிய காரியம். அதைச் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் 2018இல் ஷென்சென் நகரில் ஜாசிக் என்ற தொழிற்சாலையின் ஊழியர்கள் சொந்தமாகச் சங்கம் அமைக்கப் பார்த்தபோது பிடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்களுக்குத் துணையாகப் போன பல்கலைக்கழக மாணவர்கள் மார்க்ஸ் படித்தவர்கள். மார்க்ஸின் பெயரால் ஆளும் அரசு அவர்களையும் பிடித்தது. தொழிலாளி தன் சங்கத்தைத் தானே தேர்ந்தெடுக்க முடியாத இடத்தைச் சோசலிசம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஸ்டாலினையும் போல்பாட்டையும் பேசாமல் இடதுசாரிகளைப் பாராட்டலாமா?

கூடாது. 1932-33இல் உக்ரைனில் பஞ்சத்தால் மாண்டவர்கள் லட்சக்கணக்கானோர். 1937-38இல் மட்டும் சோவியத் அரசின் சொந்தப் பதிவுகளின்படி ஆறரை லட்சம் பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சீனாவில் 1959-61 பஞ்சம் கோடிக்கணக்கில் உயிர் குடித்தது. விளையாத நெல்லை விளைந்ததாக எழுதியனுப்பிய அதிகாரிகளும், 'பொய்' என்று சொல்ல முடியாத பத்திரிகைகளும் அதற்குக் காரணம். கம்போடியாவில் போல்பாட் ஆட்சியில் 1975-79இல் பதினைந்து லட்சம் பேராவது இறந்தார்கள். அந்த ஆட்சியை 1979இல் கவிழ்த்ததும் கம்யூனிஸ்ட் வியட்நாம்தான்.

மறுபக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் அது நடந்தது நம் பக்கத்து நாட்டில். 1965-66இல் இந்தோனேசியாவில் கம்யூனிஸ்ட்டுகள் என்றும் அவர்களுக்கு வேண்டியவர்கள் என்றும் சொல்லிக் குறைந்தது ஐந்து லட்சம் பேரைக் கொன்றார்கள். ஒருவரை நினைவுகூர இன்னொருவரை மறக்க வேண்டிய அவசியம் இல்லை.

இலங்கையில் அநுர குமார வந்திருக்கிறார். இடதுசாரி அரசு தமிழர்களுக்கு நல்லதா?

எங்கள் கூட்டத்தில் அதிக நேரம் எடுத்த கேள்வி இது. யாழ்ப்பாணத்தில் உறவுகள் உள்ளவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள், ஆகவே பொறுமையாகப் பார்ப்போம்.

2019 அதிபர் தேர்தலில் அவர் பெற்ற வாக்கு சுமார் 3 சதவீதம். 2022இல் பொருளாதாரம் நொறுங்கி, மக்கள் அதிபர் மாளிகைக்குள் நுழைந்த பிறகு எல்லாம் மாறியது. 2024 செப்டம்பரில் அவர் வென்றார்; நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய கூட்டணியான தேசிய மக்கள் சக்தி 225 இடங்களில் 159ஐப் பிடித்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆறில் மூன்று அவர்களுக்கு. தெற்கிலிருந்து வந்த ஒரு கட்சிக்கு அங்கே இப்படி நடந்ததே இல்லை. மட்டக்களப்பு மட்டும் தமிழரசுக் கட்சியோடு நின்றது.

ஆனால் அந்தக் கூட்டணியின் முதுகெலும்பு ஜேவிபி, அதாவது மக்கள் விடுதலை முன்னணி. 1965இல் தொடங்கிய அந்தக் கட்சி தன் ஆரம்ப வகுப்புகளில், மலையகத் தமிழர்களை 'இந்திய விஸ்தரிப்புவாத'த்தின் கருவிகள் என்று பாடம் நடத்தியது. தேயிலைக் கொழுந்து பறித்த, லயத்து அறையில் ஒடுங்கிக் கிடந்த மக்களை! நாட்டிலேயே அதிகம் சுரண்டப்பட்ட உழைக்கும் மக்கள் அவர்கள்தான். ஒரு மார்க்சியக் கட்சியின் கண்ணுக்கு அவர்கள் தொழிலாளியாகத் தெரியவில்லை. பிறகு 1987-89 கிளர்ச்சியில் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தையும் மாகாண சபைகளையும் எதிர்த்தார்கள். வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்பை 2006இல் நீதிமன்றம் போய்ப் பிரித்ததும் அவர்கள்தான்.

இதற்கு முந்தைய கதை இன்னும் வேதனையானது. 1935இல் பிறந்த லங்கா சமசமாஜக் கட்சி 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை நாடாளுமன்றத்தில் எதிர்த்தது. 1956இல் சிங்களம் மட்டும் என்ற சட்டத்தையும் எதிர்த்து, இரு மொழிக்கும் சம இடம் கேட்டது. அதே கட்சி 1964இல் கூட்டணி ஆட்சிக்குள் போனது. 1972இல், அதன் தலைவர்களில் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா அமைச்சராக இருந்து உருவாக்கிய அரசமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது, சிங்களத்தை ஒரே ஆட்சிமொழியாக உறுதி செய்தது. எதிரிகள் செய்தால் கோபம் வரும். தோழர்களே செய்தால்? அந்த வலி தனி.

இப்போதைய அரசு? 2025 நவம்பரில் வைத்த வரவுசெலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாள் கூலியை, வருகைக்கான ஊக்கத்தொகையும் சேர்த்து, 1,350 ரூபாயிலிருந்து 1,750க்கு உயர்த்த அறிவித்தார்கள். நல்லது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று வாக்குறுதி கொடுத்தார்கள். 2025 முடியும்போதும் அந்த 1979ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. சர்வதேச நாணய நிதியத்தின் திட்டத்தைத் தொடர்கிறார்கள். ஊழல் ஒழிப்பில் அவர்களுக்கு இருக்கும் வேகம் அதிகாரப் பகிர்வில் எனக்குத் தெரியவில்லை. 'இனப் பேதம் பார்க்க மாட்டோம்' என்பது நல்ல பேச்சு. காணாமல்போன பிள்ளையின் படத்தை மடியில் வைத்துச் சாலையோரக் கொட்டகையில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு அந்தப் பேச்சு பதில் ஆகாது.

தமிழ்நாட்டில் இடதுசாரிகளுக்கு இப்போது என்ன பலம்?

வாக்கில் சிறிது, களத்தில் அதைவிடப் பெரிது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும் மார்க்சிஸ்ட் கட்சியும் நாடு முழுவதும் வென்றது ஆறே இடங்கள். அதில் நான்கு தமிழ்நாட்டில்: மதுரை, திண்டுக்கல், நாகப்பட்டினம், திருப்பூர். மேற்கு வங்கத்தை 34 ஆண்டு ஆண்டவர்கள் 2021 சட்டமன்றத் தேர்தலில் ஓர் இடம்கூடப் பெறவில்லை என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆனால் அந்த நான்கும் திமுக கூட்டணியின் தோளில் ஏறி வந்தவை.

களம் என்று நான் சொல்வதற்குச் சான்று ஸ்ரீபெரும்புதூர். 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் ஆலை ஊழியர்கள் வேலையை நிறுத்திச் சாலையோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள், 37 நாள். கேட்டது சம்பள உயர்வோடு இன்னொன்றும்: மார்க்சிஸ்ட் கட்சி சார்ந்த சிஐடியுவோடு இணைந்த தங்கள் சங்கத்துக்குப் பதிவு. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' வரக்கூடாது என்று நிறுவனம் மறுத்தது. நாளெல்லாம் அந்தப் பெயர் போட்ட குளிர்பெட்டியைப் பூட்டி அனுப்புகிறவருக்கு அந்தப் பெயரைச் சொல்ல உரிமை இல்லையாம். பந்தலை அகற்றியதும் ஊழியர்களைக் கைது செய்ததும் அப்போது இடதுசாரிகளின் கூட்டணித் தலைமையாக இருந்த திமுக அரசின் காவல்துறை. 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது. அதே 2024 ஜூலையில் கொரியாவிலும் சாம்சங் எலக்ட்ரானிக்ஸ் ஊழியர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள் என்பதைக் கேட்டு எங்கள் குழுவில் ஒருவர் கைதட்டினார்.

கூலி உயர்வு கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்ட கீழ்வெண்மணியை நாம் மறக்கவில்லை. வாச்சாத்தியும் அதே வரிசையில் வர வேண்டும். 1992இல் தர்மபுரி மாவட்டத்து மலைவாழ் கிராமத்தில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். 269 அரசு ஊழியர்கள் மீது வழக்கு. 2011இல் அத்தனை பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பது ஆண்டு அந்த வழக்கைத் தோளில் சுமந்தவர்களில் முன்னே நின்றவர்கள் மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும். ஓட்டுக் கணக்கில் வாச்சாத்திக்கு ஒரு மதிப்பும் இல்லை. இருந்தும் விடவில்லை.

அமெரிக்காவில் சோசலிஸ்ட் மேயர் எப்படி வந்தார்?

ஸோஹ்ரான் மம்தானி 2025 நவம்பரில் நியூயார்க் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வாடகையை உயர்த்தாமல் நிறுத்தி வைப்பது, இலவசப் பேருந்து, குழந்தைப் பராமரிப்பு என்று மூன்றே விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பேசினார். அதற்கு முன்பே, 2021இல், உரிமக் கடனில் மூழ்கிய டாக்சி ஓட்டுநர்களோடு சேர்ந்து பதினைந்து நாள் உண்ணாவிரதம் இருந்தவர். அந்த ஓட்டுநர்களில் நம் தெற்காசியர் ஏராளம்.

நமக்கு இன்னும் நெருக்கமான பெயர் க்ஷமா சாவந்த். தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 2013இல் சியாட்டல் நகர மன்றத்துக்குச் சோசலிஸ்ட்டாகவே நின்று வென்றார். அடுத்த ஆண்டே அந்த நகரம் மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் போட்டது. 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமும் அதுவே. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அவர்.

மலேசியாவில்?

மலேசிய சோசலிஸ்ட் கட்சி சிறியது. 2008இல் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் சுங்கை சிப்புட்டில் அமைச்சர் சாமிவேலுவைத் தோற்கடித்தது நமக்கெல்லாம் தெரியும். மூடப்படும் தோட்டங்களில் வீட்டை இழக்கும் குடும்பங்களுக்காக இன்றும் நிற்கிறார்கள்.

ஆனால் நான் எப்போதும் சொல்ல விரும்புவது 1941 கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தம். தமிழ்த் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று: துரையோ கிராணியோ (தோட்டத்து எழுத்தர்) எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும். இன்னொன்று, கள்ளுக்கடையை மூட வேண்டும். கூலியோடு மானத்தையும் கேட்டார்கள். தலைவர் ஆர்.எச். நாதனை ஆங்கிலேய அரசு கைது செய்து நாடு கடத்தியது. பட்டாளம் வந்து சுட்டது, தொழிலாளர்கள் செத்தார்கள். எட்டு ஆண்டு கழித்து, 1949 மே மாதத்தில், மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத் தலைவர் எஸ்.ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள் சிங்கப்பூர்த் தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். இருவரும் தமிழர்.

மக்கள் செயல் கட்சி சோசலிஸ்ட் கட்சியாகத்தான் தொடங்கியதாமே?

ஆமாம். 1954 நவம்பரில் மசெக தொடங்கியபோது அதில் தொழிற்சங்கவாதிகள் நிறைந்திருந்தார்கள். லிம் சின் சியோங், ஃபோங் ஸ்வீ சுவான், தேவன் நாயர்; அப்புறம் யாழ்ப்பாணத்தில் பிறந்த ராஜரத்தினம். அதே ஆண்டு மலாயாப் பல்கலைக்கழக சோசலிஸ்ட் மன்ற மாணவர்கள் மீது அரச துரோக வழக்கு வந்தபோது அவர்களுக்காக வாதாடிய குழுவில் லீ குவான் இயூ இருந்தார். அடுத்த ஆண்டு டிராக்‌ஷன் கம்பெனிப் பேருந்து ஊழியர்கள் 142 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் இந்தியர்கள் கணிசம்.

1959இல் 51 இடங்களில் 43ஐ மசெக வென்றது. 1961இல் கட்சி உடைந்து பாரிசான் சோசலிஸ் பிறந்தது. 1963 பிப்ரவரி 2 அன்று 'கோல்ட் ஸ்டோர்' நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டார்கள். ஜேம்ஸ் புதுச்சேரி, கடற்படைத் தளச் சங்கத்தின் உட்ஹல் ஆகியோரும் அதில் உண்டு. அவர்கள் ஆயுதச் சதியில் இருந்தார்களா என்பதில் அரசின் விளக்கமும் வரலாற்றாசிரியர்கள் சிலரின் முடிவும் இன்றும் மோதுகின்றன. என் கருத்து இது: குற்றம் இருந்தால் நீதிமன்றத்தில் நிரூபித்திருக்க வேண்டும். பாரிசான் தலைவர்கள் செய்த பெரிய தவறும் உண்டு. 13 இடங்கள் வென்றவர்கள் 1966இல் நாடாளுமன்றத்தை விட்டு வெளியேறி, 1968 தேர்தலையும் புறக்கணித்தார்கள். அந்தக் கதவு பிறகு அவர்களுக்குத் திறக்கவே இல்லை.

உலக சோசலிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான சோசலிஸ்ட் அகிலத்தில் மசெக 1976வரை உறுப்பினராக இருந்தது. விசாரணையின்றிச் சிறை வைப்பதைச் சுட்டி டச்சுத் தொழிற்கட்சி வெளியேற்றக் கோரியபோது, தானே விலகியது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு சோசலிசம் இல்லையா?

பிறப்பில் அப்படித்தான் என்பேன். 1961இல் புக்கிட் ஹோ சுவீ தீயில் சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். வீவக மாடி வீடுகளை எழுப்பி அவர்களைக் குடியேற்றியது. 1966 நிலம் எடுப்புச் சட்டம் தனியார் நிலத்தைக் குறைந்த விலைக்கு வாங்க அரசுக்கு வழி செய்தது. இன்று பத்தில் எட்டுப் பேர்போல வீவக வீட்டில் இருக்கிறோம். எந்த இடதுசாரி அரசும் பெருமைப்படும் சாதனை.

வியன்னாவோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். அங்கே 1920களில் சோசலிஸ்ட் நகராட்சி, பணக்காரரின் வேலைக்காரர்கள் மீதும் மோட்டார் வண்டிகள் மீதும் வரி போட்டுத் தொழிலாளருக்கு வீடு கட்டியது. ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான கார்ல் மார்க்ஸ் ஹோஃப் 1930இல் திறந்தது: 1,382 வீடுகள், நடுவே தோட்டம், சலவைக்கூடம், குழந்தைகள் காப்பகம். 1934இல் ராணுவம் அதன்மீது பீரங்கியால் சுட்டது. வீடு இன்னும் நிற்கிறது, இன்னும் வாடகைக்குத்தான். நகராட்சியிடம் சுமார் 2,20,000 வீடுகள் உள்ளன. விற்பதில்லை.

நாம் 99 ஆண்டுக் குத்தகைக்கு வாங்கி, மறுவிற்பனைச் சந்தையில் விற்கிறோம். 2024இல் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீவக வீடுகள் பத்து லட்சம் வெள்ளிக்கும் மேல் விலைபோயின. பெற்றோருக்குச் சேமிப்பு, பிள்ளைகளுக்கு மலை. வீடு முதலீடாகவும் இருக்க வேண்டும், எல்லாருக்கும் கட்டுப்படியாகவும் இருக்க வேண்டும் என்று ஒரே நேரத்தில் கேட்கிறோம். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன.

சிங்கப்பூரில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் ஏன் இல்லை?

இங்கே 'படிப்படியாக உயரும் சம்பள முறை' உண்டு. துப்புரவு, பாதுகாவல் எனத் துறை வாரியாக அரசு, முதலாளிகள், தேசிய தொழிற்சங்க காங்கிரஸ் மூவரும் பேசி முடிவெடுப்பார்கள். துப்புரவுத் துறையில் 2014இல் 1,000 வெள்ளி அடிப்படை, 2023இல் 1,570. உயர்வு உண்மையானது. உணவங்காடியில் தட்டெடுக்கும் எழுபது வயதுப் பாட்டியின் முதுகைப் பார்த்தால் அது போதுமா என்ற கேள்வியும் உண்மையானது.

சுவீடனிலும் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இல்லை. இதைச் சொன்னால் பலர் வியக்கிறார்கள். அங்கே சங்கங்களின் கூட்டு ஒப்பந்தமே சம்பளத்தைத் தீர்மானிக்கிறது. டெஸ்லா அப்படி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தபோது, 2023 அக்டோபர் 27 அன்று அதன் பட்டறை ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். துறைமுகத் தொழிலாளர் டெஸ்லா கார்களை இறக்க மறுத்தார்கள். அஞ்சல் ஊழியர்கள் புதுக் கார்களின் எண் பலகைகளைக் கொண்டுபோய்க் கொடுக்க மறுத்தார்கள். இப்படித் தோள் கொடுப்பது அங்கே சட்டப்படி செல்லும். சட்டம் இல்லாமலே சம்பளம் நிற்பதற்குக் காரணம் அந்தத் தோள்.

"அண்ணே, ஒர்க் பெர்மிட்ல இருக்கிற நாங்க சங்கத்துல சேரலாமா?"

சேரலாம் தம்பி. சட்டம் தடுக்கவில்லை. அமைச்சின் ஒப்புதல் இல்லாமல் சங்கப் பொறுப்பாளராக முடியாது, அவ்வளவுதான். வேலைநிறுத்தம் வேறு விஷயம். 2012 நவம்பரில் சீனாவிலிருந்து வந்த பேருந்து ஓட்டுநர்கள் 171 பேர் சம்பள வேறுபாட்டுக்காக வேலைக்குப் போகாமல் இருந்தார்கள். ஐந்து பேருக்குச் சிறை, 29 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அத்தியாவசியச் சேவையில் 14 நாள் முன்னறிவிப்பு கொடுக்கவில்லை என்பது குற்றம். அதைத் தெரிந்துகொண்டு நட. சம்பளம் தரவில்லையா, சம்பளச் சீட்டு, வேலை நேரக் குறிப்பு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு மனிதவள அமைச்சுக்கோ ஊழியர் உதவி அமைப்புகளுக்கோ சீக்கிரமே போ. நாள் கடத்தாதே.

நம்மவர்களுக்கும் ஒன்று. விடியற்காலை ஐந்தரைக்கு லாரியின் பின்னால் முகத்தைத் துண்டால் மூடி உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டு போகிறவரோடு நாம் ஒரே மொழி பேசுகிறோம். படிப்படியாக உயரும் சம்பள முறை அவரைச் சேர்க்கவில்லை, அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். வீவக கணக்கிலும் அவர் இல்லை, அந்த வீட்டைக் கட்டியவர் என்ற இடத்தைத் தவிர. இலங்கை இடதுசாரிகளை மலையகத்தை வைத்து நான் எடை போட்டேன் அல்லவா, இங்கே நம்மை நான் அந்த லாரியை வைத்து எடை போடுகிறேன்.

இதையெல்லாம் இங்கே பேசினால் பிரச்சினை வருமா?

வாசிப்பதும் விவாதிப்பதும் குற்றம் இல்லை. பொது இடத்தில் ஒரு நோக்கத்துக்காகக் கூடுவதற்கு அனுமதி வேண்டும். ஹாங் லிம் பூங்காப் பேச்சாளர் முனையில் குடிமக்கள் பதிவு செய்துகொண்டு பேசலாம், இனமும் சமயமும் தொடாமல். வெளிநாட்டவர் அங்கே கலந்துகொள்ள அனுமதி தேவை. ஆகவே நண்பர்களை அழைத்துப் போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

என் தாத்தாவும் சங்கத்தில் இருந்தாராம். எங்கே தேடுவது?

தேசிய நூலக வாரியத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில் தமிழ் முரசின் பழைய இதழ்கள் உள்ளன. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் தமிழில் பேசியவர்களும் உண்டு. 'கடற்படைத் தளம்' என்று கிடைக்காவிட்டால் 'நேவல் பேஸ்' என்று தேடிப் பாருங்கள். பெயரின் முன்னெழுத்துகளை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

அதற்கு முன் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். பழைய சம்பளச் சீட்டு, சங்க அட்டை, குழுப் படம் எதையும் தூக்கிப் போட வேண்டாம். என் பாட்டி தாத்தாவின் சந்தா அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். மாதத்துக்கு ஒரு கட்டம், சந்தா கட்டினால் ஒரு முத்திரை. 1952 கடைசியில் கடற்படைத் தளத்தில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அடுத்த ஆண்டு ஜனவரிக் கட்டம் காலியாக இருக்கிறது. பிப்ரவரிக் கட்டத்தில் இரண்டு முத்திரை.